விழுந்த பகடையைத் திருப்பி வைத்தவர்கள்

கட்டாரில் வேலைபார்க்கும் எனது சகோதரியின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான்.

“மாமா, முந்தி பலகையில ஆடின யுத்த விளையாட்டுகளை இப்ப கம்பியூட்டரில போட்டு விக்கிறாங்க. மூணு பார்த்து வெச்சிருக்கன். எதுக்குக் காசு குடுக்கலாம்? நீங்க யுத்தத்தைப் பார்த்த ஆள்தானே, சொல்லுங்க.”

யுத்தத்தைப் பார்த்தவன் என்பதற்காக யுத்த விளையாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியுமா என்று முதலில் தயங்கினேன். ஆனால் கேள்வியில் காசு இருந்தது. 2022இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிப் போனதைப் பார்த்த நாட்டவர்கள் நாம். இருபது டொலர், முப்பது டொலர் என்பது கல்முனையில் ஒரு குடும்பத்தின் பல நாட் சந்தைச் செலவு. பாலைவன வெயிலில் உழைத்த பணத்தை எதற்குக் கொடுக்கலாம் என்று ஒருவன் கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். யோசிக்கப்போய், அந்தக் கேள்வி என்னை 1942ஆம் ஆண்டுக்கும் நமது கடலுக்கும் இழுத்துச் சென்றது.

நான்கு அங்கத்திலிருந்து அட்டவணை வரை

பலகையில் போரை நடத்திப் பார்க்கும் பழக்கம் நமது துணைக்கண்டத்துக்குப் புதிதன்று. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையின் பெயரே சதுரங்கம். இந்தியாவிலிருந்து அது பாரசீகத்துக்குச் சென்ற கதையைப் பிர்தௌசி தமது ஷாநாமாவில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து அரபுலகம் அதனை ‘ஷத்ரஞ்ச்’ என்று ஏற்றுக்கொண்டது. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளிலேயே அல்-அத்லி, அஸ்-ஸூலி போன்றோர் அதன் நுட்பங்களைப் பற்றி அரபியில் எழுதினார்கள்.

சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. இரு படைகளும் சமம். எதிரியின் ஒவ்வொரு காயும் கண்ணுக்குத் தெரியும். உண்மையான போரில் இந்த மூன்றுமே கிடையாது. இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர்கள் பிரஷ்யர்கள். 1812இல் ரைஸ்விற்ஸ் என்ற பிரபு ஒரு போர் விளையாட்டை மன்னரிடம் காட்டினார். அவருடைய மகன் ஓர் இராணுவ அதிகாரி. 1824இல் அவர் அதனைச் செம்மைப்படுத்தினார். உண்மையான நிலவரைபடம், படைகளைக் குறிக்கும் சிறு கட்டைகள், இழப்பைத் தீர்மானிக்கப் பகடை, இரு தரப்புக்கும் தெரிய வேண்டியதை மட்டும் தெரிவிக்கும் ஒரு நடுவர். பிரஷ்ய இராணுவம் இதனைப் பயிற்சியாக ஏற்றுக்கொண்டது.

பொதுமக்களுக்கான வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. சார்ள்ஸ் ரொபேட்ஸ் என்பவர் 1954இல் ‘டக்டிக்ஸ்’ என்ற விளையாட்டைத் தபாலில் விற்றார். 1958இல் அவலோன் ஹில் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். தாக்குபவனின் பலத்தைக் காப்பவனின் பலத்தால் வகுத்து, பகடையை உருட்டி, அட்டவணையில் முடிவைப் பார்ப்பது அவருடைய முறை. சிறு சதுர அட்டைகளும் அறுகோணக் கட்டங்களும் கொண்ட நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் அந்த வழியில் வந்தவை. 1980இலேயே அவலோன் ஹில் கணினிக்கும் விளையாட்டுகளை வெளியிடத் தொடங்கிவிட்டது. எனது மருமகன் பார்த்து வைத்திருக்கும் மூன்றும் இந்தப் பரம்பரையின் பேரப்பிள்ளைகள்.

பகடை என்றதும் நமது வாசகர்களில் ஒரு பகுதியினர் புருவத்தை உயர்த்துவார்கள். எமது கரையோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்கள் சதுரங்கத்தை வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்தியிருக்க, பகடை உருட்டும் ஆட்டத்தைப் பெரும்பான்மையினர் தடுத்தே வைத்திருக்கிறார்கள். நான் ஆலிம் அல்லன்; மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் பகடையைப் பற்றி வரலாறு சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. அதற்கு முன் நமது கடலில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9

1961 வரை எங்கள் பகுதி மட்டக்களப்பு மாவட்டத்திலேயே இருந்தது. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நகர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அந்த நகருக்கு நேரே, கடலுக்கடியில் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் ஒரு பெரிய கப்பல் கிடக்கிறது. அதன் பெயர் ஹேர்மிஸ். விமானந்தாங்கியாகவே வரையப்பட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. 1919இல் நீரில் இறக்கப்பட்டு, 1924இல் பிரித்தானியக் கடற்படையின் சேவைக்கு வந்தது.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. நகுமோ தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் வந்த யப்பானியக் கடற்படை கொழும்பைத் தாக்கியது. அன்று பிற்பகலே டோர்செற்ஷயர், கோர்ன்வோல் என்ற இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன; 424 பேர் மாண்டனர். அடுத்த தாக்குதல் திருகோணமலை மீது வரும் என்பது தெரிந்ததும், துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் ஏப்ரல் 8ஆம் திகதி மாலை வெளியேற்றப்பட்டன. ஹேர்மிஸும் அதற்குத் துணையாக அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயரும் கரையை ஒட்டித் தெற்கே வந்தன.

துறைமுகத்தில் நின்றால் குண்டு விழும். கடலுக்குப் போனால் தப்பலாம். முடிவு நியாயமானதாகவே தோன்றுகிறது. ஆனால் ஹேர்மிஸின் விமானங்கள் கரையில் விடப்பட்டிருந்தன. விமானந்தாங்கிக் கப்பல் ஒரு விமானமும் இல்லாமற் சென்றது. 9ஆம் திகதி காலை திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. தெற்கே சென்ற கப்பல்களை யப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுவிட்டது. கரையிலுள்ள போர் விமானங்களின் பாதுகாப்புக்குள் வருமாறு ஹேர்மிஸைத் திருகோணமலைக்கே திரும்பச் சொன்னார்கள். அது திரும்பி வரும் வழியில், முற்பகல் பத்தரை மணிக்குப் பின், ஏறத்தாழ 80 குண்டுவீச்சு விமானங்கள் அதன்மேல் பாய்ந்தன. இருபது நிமிடமளவில் எல்லாம் முடிந்தது. கப்பற்தலைவர் உட்பட 307 பேர் மாண்டனர். வம்பயரும் மூழ்கியது. அருகில் வந்த ‘வீற்றா’ என்ற வைத்தியசாலைக் கப்பல் நூற்றுக்கணக்கானோரை நீரிலிருந்து தூக்கியெடுத்தது. உதவிக்கு அனுப்பப்பட்ட விமானங்கள் வந்து சேர்ந்தபோது காப்பாற்றுவதற்குக் கப்பல் இல்லை.

பசுபிக் யுத்தத்தை ஆடும் பலகையில் இவ்வாறான கப்பல் ஒரு சிறு அட்டை. அதன்மேல் தாக்கும் பலம், காக்கும் பலம், வேகம் என்று சில இலக்கங்கள் இருக்கும். அந்த அட்டையைத் துறைமுகத்தில் வைப்பதா, கடலுக்கு நகர்த்துவதா என்று முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால், வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு வரியாக வாசித்த விடயம் வேறு விதமாகப் புரிகிறது. அந்தத் தளபதிகள் முட்டாள்கள் அல்லர். எதிரி எங்கே நிற்கிறான் என்பது தெரியாமல், இரண்டு கெட்ட வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்தவர்கள். இதைப் புரியவைப்பது விளையாட்டின் பலம்.

பலவீனத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனது மூத்தாப்பா இந்த யுத்தத்தைப் பற்றிப் பேசும்போது கப்பலைப் பற்றிப் பேசியதே இல்லை. ‘யப்பான்காரன் குண்டு போட்ட காலம்’ என்று ஆரம்பித்தால் அது அரிசியில்தான் போய் முடியும். அக்காலத்தில் இலங்கையின் இறக்குமதி அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச் 8இல் ரங்கூன் யப்பானியர் வசமானதும் அந்த வழி அடைபட்டது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. விளையாட்டில் ரங்கூன் விழுந்தால் ஒரு தரப்பு ஒரு துறைமுகத்தையும் சில வளப் புள்ளிகளையும் இழக்கும். அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு அந்தப் பலகையில் கட்டமில்லை.

யமாத்தோ கப்பலில் உருண்ட பகடை

இனி அந்தப் பகடைச் சம்பவம். கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய விமான அணிகளுக்குத் தலைமை தாங்கியவர் மிற்சுவோ ஃபுச்சிதா. பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கும் அவரே தலைமை. யுத்தத்தின் பின் அவரும் மசத்தாக்கே ஒகுமியா என்ற கடற்படை அதிகாரியும் சேர்ந்து மிட்வே சமரைப் பற்றி எழுதிய நூல் 1951இல் யப்பானிய மொழியிலும் 1955இல் ஆங்கிலத்திலும் வெளியானது.

ஹேர்மிஸ் மூழ்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1942 மே மாத ஆரம்பத்தில் யமாத்தோ என்ற பெரும் போர்க்கப்பலில் யப்பானியத் தளபதிகள் கூடி, வரவிருந்த மிட்வே நடவடிக்கையை மேசையில் ஆடிப் பார்த்தார்கள். ஆட்டத்தின் நடுவில் அமெரிக்க விமானங்கள் யப்பானிய விமானந்தாங்கிகளைத் தாக்கும் கட்டம் வந்தது. விதிப்படி ஒகுமியா பகடையை உருட்டினார். ஒன்பது குண்டுகள் இலக்கைத் தாக்கியதாக முடிவு வந்தது. அகாகியும் காகாவும் மூழ்கின. நடுவர் பொறுப்பிலிருந்த தளபதி உகாகி குறுக்கிட்டார். ஒன்பதை மூன்றாகக் குறைக்கச் சொன்னார். இப்போது காகா மட்டும் மூழ்கியது. அகாகிக்குச் சிறு சேதம். ஆட்டத்தின் அடுத்த பகுதி தொடங்கியபோது மூழ்கிய காகாவும் உயிர்பெற்று வந்து படையணியில் சேர்ந்துகொண்டது.

ஜூன் 4ஆம் திகதி உண்மையான மிட்வேயில் அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூ என்ற நான்கு கப்பல்களும் அழிவுக்குள்ளாகின. அடுத்த நாளுக்குள் நான்கும் கடலுக்கடியில். அவற்றில் அகாகி, சோர்யூ, ஹிர்யூ ஆகிய மூன்றும் எட்டு வாரங்களுக்கு முன் நமது தீவைத் தாக்கிய கப்பல்கள்.

ஃபுச்சிதாவின் நூலிலுள்ள வேறு சில கூற்றுகளைப் பிற்கால ஆய்வாளர்கள் ஆதாரத்துடன் மறுத்திருக்கிறார்கள் என்பதையும் பத்திரிகைக்காரன் என்ற முறையில் சொல்லிவைக்க வேண்டும். பகடை மிட்வேயை முன்கூட்டியே கண்டது என்றும் நான் சொல்லவரவில்லை. பகடைக்கு ஞானதிருஷ்டி கிடையாது. ஆனால் ‘இப்படியும் நடக்கலாம்’ என்று அது ஒரு சந்தர்ப்பத்தைக் காட்டியது. மேசையில் இருந்தவர்களுள் அதிகாரம் மிக்கவர் அதனைப் பார்க்க விரும்பவில்லை. வெற்றி கண்ட படைக்கு விளையாட்டிலும் தோற்க மனமில்லை.

அதே 1942ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இதற்கு நேர்மாறான ஒரு காரியம் நடந்தது. ஜேர்மன் நீர்மூழ்கிகள் வாணிபக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்த காலம். கில்பேர்ட் ரொபேட்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்களும் ஒரு பெரிய அறையின் தரையில் கட்டங்கள் வரைந்து, கடற்போரை ஆடிப் பார்த்தார்கள். பயிற்சிக்கு வரும் கப்பல் தலைவர்கள் கித்தான் மறைப்புக்குப் பின்னால் நின்று, ஒரு சிறு துவாரத்தினூடாக மட்டுமே தரையைப் பார்க்கலாம். உண்மையான கடலில் அவர்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அங்கும் தெரியும். கடலே போகாத பெண்களிடம் அனுபவமிக்க மாலுமிகள் தோற்றார்கள். தோற்றபின் பாடம் கேட்டார்கள். ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அந்த அறையில் பயின்றதாகக் கணக்கு.

யமாத்தோவிலும் லிவர்பூலிலும் ஆடப்பட்டது ஒரே வகையான விளையாட்டு. ஓரிடத்தில் தோல்வியை ஏற்றுக்கொண்டார்கள். மற்ற இடத்தில் அழித்து எழுதினார்கள். யுத்த விளையாட்டு ஒன்றின் பெறுமதியை எடைபோட எனக்கு இதைவிட நல்ல தராசு கிடைக்கவில்லை.

கணினி தருவதும் எடுப்பதும்

பலகையிலிருந்து கணினிக்கு வரும்போது ஒரு விளையாட்டுக்கு என்ன நேர்கிறது?

முதலாவது, லிவர்பூலின் கித்தான் மறைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. 1964இல் அவலோன் ஹில் வெளியிட்ட ‘மிட்வே’ பலகை விளையாட்டில் இரண்டு ஆட்டக்காரர்களும் நடுவில் ஒரு தடுப்பை வைத்து, ஆளுக்கொரு தேடல் பலகையில் கப்பல்களை ஒளித்து, ‘இந்தப் பகுதியில் தேடுகிறேன்’ என்று வாயால் சொல்லித் தேடினார்கள். கணினியில் அந்தச் சிரமமில்லை. எனக்குத் தெரியக்கூடாததை அது எனக்குக் காட்டாது, நண்பனுக்கும் காட்டாது. இரண்டாவது, கணக்கு வேலை. நூற்றுக்கணக்கான அட்டைகளின் இலக்கங்களைக் கூட்டிக் கழிப்பதில் ஒரு பிற்பகல் போய்விடும். கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம். மூன்றாவது, எதிராளி. கல்முனையில் இருப்பவனும் தோஹாவில் இருப்பவனும் ரொறன்ரோவில் இருப்பவனும் ஒரே பலகையில் உட்காரலாம். ஊர் சிதறிப்போன நம் போன்ற சமூகத்துக்கு இது சாதாரண விடயமன்று.

எடுத்துக்கொள்வது ஒன்று: விதி. பலகையில் ஒவ்வொரு விதியையும் நமது கையாலேயே நிறைவேற்றுகிறோம். ஆகவே ஏன் தோற்றோம் என்பது தெரியும். அந்த விதி அநியாயம் என்று தோன்றினால் அதனுடன் வாதிடலாம். இரண்டு பேரும் சம்மதித்தால் மாற்றியும் ஆடலாம். கணினியில் முடிவு மட்டும் வந்து விழுகிறது. உள்ளே பகடை உருண்டதா, உகாகி உட்கார்ந்திருக்கிறாரா என்பது நமக்குத் தெரியாது.

2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தின் பின் எங்கள் ஊர்களிலும் கணினி மையங்கள் முளைத்தன. பாடசாலை முடிந்து வரும் பையன்கள் வரிசையில் நின்று துப்பாக்கி விளையாட்டு ஆடினார்கள். செய்தி அனுப்பப் போகும் நானும் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். சுடப்பட்டவன் சில வினாடிகளில் எழும்பி மீண்டும் ஓடுவான். நிஜத் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பலகையிலிருந்து வந்த விளையாட்டை நான் ஒரு படி மேலே வைப்பதற்குக் காரணம் இது. அங்கே எடுக்கப்பட்ட அட்டை திரும்பி வராது. காகா எழும்பி வந்தால் அது ஏமாற்று என்பது எல்லோருக்கும் தெரியும்.

மருமகனின் மூன்று விளையாட்டுகள்

அவன் பார்த்து வைத்தவற்றில் முதலாவது ‘வேர்ல்ட் இன் ஃபிளேம்ஸ்’. 1985இல் அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்று வெளியிட்ட பலகை விளையாட்டு. இரண்டாம் உலகப் போர் முழுவதையும் உலக வரைபடம் முழுவதிலும் ஆடுவது. நமது தீவும் அதில் உண்டு. நீண்ட காத்திருப்பின் பின் 2013இல் கணினி வடிவம் வந்தது. தனியே ஆடுபவருக்கு எதிராளியாகக் கணினி ஆடும் வசதி இல்லாமலேயே வந்தது. அதாவது கணினி இங்கே கணக்கப்பிள்ளை மட்டும். மாதக்கணக்கில் கூட ஆடுவதற்குப் பொறுமையுள்ள நண்பன் ஒருவன் இருந்தால் அந்தக் கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கலாம். பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து அறைக்கு வருபவனுக்கு அது சுமை.

இரண்டாவது ‘ட்விலைற் ஸ்ட்ரகிள்’. அனந்த குப்தா, ஜேசன் மத்யூஸ் ஆகிய இருவர் வடிவமைத்து 2005இல் பலகையாகவும் 2016இல் கணினியிலும் வெளிவந்தது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் மோதிய பனிப்போர். இதில் இரண்டு விதிகள் என்னைக் கவர்ந்தன. உன் கையில் வரும் சீட்டுகளில் எதிரிக்கு நன்மை செய்யும் சீட்டுகளும் இருக்கும். பெரும்பாலும் அவற்றையும் நீயேதான் ஆடித் தீர்க்க வேண்டும். எதை எப்போது ஆடினால் சேதம் குறைவு என்பதே ஆட்டம். மற்றது, அணுயுத்தம் மூண்டால் எவருடைய முறையில் மூண்டதோ அவர் தோற்றார். ‘மற்றவன் தூண்டினான்’ என்ற சாக்குக்கு இடமில்லை. நான் பார்த்த யுத்தத்தின் தலைவர்கள் யாருக்கும் இந்த விதி எழுதிவைக்கப்பட்டிருக்கவில்லை.

அந்த வரைபடத்தில் இந்தியா உண்டு, பாகிஸ்தான் உண்டு, பர்மா உண்டு. இலங்கை இல்லை. 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சிமாநாட்டைக் கொழும்பில் நடத்திய நாடு அது. மனம் சற்று நோகிறது. ஆனால் வல்லரசுகளின் மேசையிலிருந்து பார்த்தால் உலகம் எப்படித் தெரிந்தது என்பதை அந்த இல்லாமையும் சொல்கிறது.

மூன்றாவதுதான் என்னை நீண்ட நேரம் யோசிக்கவைத்தது. ‘லபிரிந்த்’. பயங்கரவாதத்துக்கு எதிரான யுத்தம் என்பது அதன் துணைத்தலைப்பு. 2010இல் பலகையாக வந்து, பின்னர் கணினிக்கும் வந்தது. வடிவமைத்த வோல்கோ ருங்கே அமெரிக்க உளவு நிறுவனமான சீ.ஐ.ஏ.யில் பணியாற்றியவர். ஒருவர் அமெரிக்காவாகவும் மற்றவர் ஜிஹாதிகளாகவும் ஆட வேண்டும். முஸ்லிம் நாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஆட்சி நல்லதா, சுமாரா, மோசமா, தீவிரவாதிகளின் கையிலா என்று ஒரு நிலை. அமெரிக்காவுக்கு நட்பா, நடுநிலையா, பகையா என்று இன்னொரு நிலை. நாட்டின் வளத்துக்கு ஓர் இலக்கம்.

இதைப் பார்த்ததும் எனக்கு 2019 நினைவுக்கு வந்தது. அதுவும் ஓர் ஈஸ்டர் ஞாயிறு. ஏப்ரல் 21ஆம் திகதி தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, கல்முனையை ஒட்டிய சாய்ந்தமருதில், குண்டுதாரிகளின் கூட்டத்தினர் ஒளிந்திருந்த வீடொன்றைப் பாதுகாப்புப் படையினர் சூழ்ந்தனர். துப்பாக்கிச் சூடும் குண்டுவெடிப்புகளும் ஓய்ந்தபின் ஆறு சிறுவர்கள் உட்பட 15 பேரின் சடலங்கள் எடுக்கப்பட்டன. அந்த வீட்டில் புதியவர்கள் இருப்பது பற்றிச் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் ஊர் மக்களே. அதே ஊர் மக்கள்தாம் அதன்பின் பல மாதங்கள் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் சந்தேகப் பார்வையைத் தாங்கினார்கள்.

‘லபிரிந்த்’ பலகையில் ஜிஹாதிக்குக் காய் உண்டு. அமெரிக்கப் படைக்குக் காய் உண்டு. தகவல் கொடுத்த ஊராருக்குக் காய் இல்லை. அவர்கள் ‘ஆட்சி’, ‘சார்பு’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

அப்படியானால் இதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா? முதலில் அப்படித்தான் எண்ணினேன். பிறகு மனம் மாறியது. வாஷிங்டனில் இருப்பவர்கள் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்று நாம் இருபது வருடமாகப் பத்திரிகைகளில் ஊகித்து எழுதினோம். இங்கே அந்தப் பார்வை விதியாக, இலக்கமாக, அச்சிட்டுத் தரப்பட்டிருக்கிறது. எங்கள் ஆள் ஒருவன் அதை வாசிக்கலாம், ஆடலாம், எந்த இடத்தில் பிழை என்று விரல் வைத்துக் காட்டலாம். அந்தக் கணக்கு பலகை விதியாக எழுதப்பட்டிருப்பதால்தான் இது முடிகிறது. துப்பாக்கி விளையாட்டில் தலைப்பாகை கட்டியவனைச் சுட்டுத் தள்ளும்போதும் உள்ளே இதே பார்வைதான் இருக்கிறது. அங்கே அதனுடன் வாதிட முடியாது.

ஆடத்தான் வேண்டுமா?

‘போதும் போதும் என்றளவுக்கு யுத்தம் பார்த்த மண்ணில் இது எதற்கு?’ என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. 1990 ஜூன் மாதத்தில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிசார் புலிகளால் கொல்லப்பட்டார்கள். கல்முனைப் பகுதியிலும் அது நடந்தது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஏறாவூர், வீரமுனை. முஸ்லிம்களும் தமிழர்களும் மாறி மாறி மையித்துகளையும் பிரேதங்களையும் எண்ணிய வருடம். அந்த வருடத்தை ஒருவர் பெட்டியில் போட்டு எனக்கு விற்க வந்தால் நான் வாங்கமாட்டேன்.

ஆனால் அந்த வருடங்களில் எங்கள் தலைவிதியை நிர்ணயித்த மேசைகளை நினைக்கிறேன். எந்தத் தரப்பின் மேசையிலும் ‘நாங்கள் தோற்றால் என்ன?’ என்ற ஆட்டம் நேர்மையாக ஆடப்பட்டதாக அதன் விளைவுகளைப் பார்த்தால் தோன்றவில்லை. எல்லா மேசைகளிலும் ஒன்பது மூன்றாக்கப்பட்டது, மூழ்கியவை எழுப்பப்பட்டன. எதிரியின் கதிரையில் சிறிது நேரம் உட்காரவும், விழுந்த பகடையை விழுந்தபடியே ஏற்றுக்கொள்ளவும் பழகிய பிள்ளைகள் சிலர் நம்மிடம் இருந்தால் கெடுதி இல்லை என்பது எனது எண்ணம்.

ஆகவே மருமகனுக்கு இப்படி எழுதினேன்:

சதுரங்கத்துக்கு ஒரு சதமும் கொடுக்காதே. 1997இல் கஸ்பரோவைத் தோற்கடிக்க ஐ.பி.எம். நிறுவனத்துக்குப் பிரத்தியேகமான பெரும் கணினி ஒன்று தேவைப்பட்டது; இன்று அதனிலும் வலிய ‘ஸ்டொக்ஃபிஷ்’ இலவசம், ஆடுவதற்கு ‘லிசெஸ்’ தளமும் இலவசம். பழைய பலகை விளையாட்டுகள் பலவற்றைத் தூரத்து நண்பனுடன் ஆட ‘வசல்’ என்ற இலவச மென்பொருள் உண்டு. அது பலகையை மட்டும் தரும். விதிகளை நீதான் படித்து நிறைவேற்ற வேண்டும். அது குறையன்று.

காசு கொடுப்பதானால் மூன்று விடயங்களைப் பார். விதிகளை வாங்குமுன் முழுமையாக வாசிக்க முடிகிறதா? பகடை என்ன விழுந்தது, ஏன் இந்த முடிவு என்று திரையில் காட்டுகிறதா? தோற்கும் பக்கத்தை எடுத்தவனுக்கும் ஆடுவதற்கு ஏதாவது இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் படங்கள் அழகாக இல்லாவிட்டாலும் வாங்கு. படங்களுக்காக மட்டும் வாங்காதே. உன் மூன்றில் முதலில் ‘ட்விலைற் ஸ்ட்ரகிள்’ வாங்கு. ‘லபிரிந்த்’ விலை குறையும் நாளில் வாங்கு; ஆடும்போது பேனாவும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொள். ‘வேர்ல்ட் இன் ஃபிளேம்ஸ்’ நான் ஓய்வுபெற்றபின் பார்ப்போம்.

பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. “சரி மாமா. பகடைக்கு உம்மா ஏசினா நீங்கதான் பதில் சொல்லணும்.”

அதற்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. அவன் விடுமுறையில் வரும்போது மட்டக்களப்புக்குக் கூட்டிச் செல்வதாக மட்டும் எழுதியிருக்கிறேன். கரையில் நின்றால் ஹேர்மிஸ் தெரியாது. மீனவர்களுக்கும் சுழியோடிகளுக்கும் இடம் தெரியும். அந்தத் திசையைக் காட்டிவிட்டு, அன்று அந்தக் கப்பலைத் துறைமுகத்தில் வைத்திருப்பாயா, கடலுக்கு அனுப்பியிருப்பாயா என்று அவனிடம் கேட்க வேண்டும்.